வெள்ளிக்கிழமை நாக்கு

என் நாக்குக்கு ஒரு காலத்தில் உத்தியோகம் இருந்தது. வாரத்தில் ஒரே ஒரு நாள், வெள்ளிக்கிழமை மட்டும். புதுக்கோட்டையில் பஸ் ஸ்டாண்டிலிருந்து சந்தைக்குப் போகிற வழியில் ஒரு மிலிட்டரி ஓட்டல் இருந்தது. அங்கே கறிக்குழம்பில் உப்புச் சரியாக இருக்கிறதா என்று நக்கிப் பார்த்துச் சொல்கிற வேலை. சொன்னால் என் மகள்கள் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், எனக்கென்ன. அந்த உத்தியோகத்தை எனக்குக் கொடுத்த மனுஷரை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

மற்ற நாளெல்லாம் நான் அங்கே மசால் அரைக்கிறவள். ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வீட்டுக்காரர் மலாயாவுக்குக் கப்பலேறினார். இரண்டு வருஷம் கடுதாசி வந்தது, பிறகு அதுவும் நின்றுபோனது. இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவள் எட்டாவது, சின்னவள் ஐந்தாவது. நானும் ஐந்தாம் வகுப்புவரை போனவள்தான். அதற்கு மேல் என்னை யாரும் விடவில்லை. இவர்கள் இரண்டு பேரும் டீச்சராக வேண்டும், அம்மிக்கல் என்னோடு தொலைய வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. அந்த வேலை போனால் பெரியவளின் படிப்பு அன்றைக்கே நின்றுவிடும். அது எனக்கும் தெரியும், எங்கள் தெருவுக்கே தெரியும்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். ஆனால் அந்த ஓட்டலில் கோபப்படுவதற்கு முதலில் ஒன்றும் இருக்கவில்லை. முதலாளி பொன்னமராவதிக்காரர். "சாப்டியாம்மா?" என்று கேட்காமல் கல்லாவில் உட்காரமாட்டார். காசு கொடுத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு எந்தச் சட்டியோ அந்தச் சட்டியிலிருந்துதான் எங்களுக்கும் குழம்பு.

அவர்தான் புது மாஸ்டரைக் கூட்டிவந்தார். மாஸ்டர் என்றால் தொந்தியும் தொப்பையுமாக ஒரு ஆள் வருவார் என்று பார்த்தால், ஈர்க்குச்சி மாதிரி ஒரு பிள்ளை வந்து நின்றது. இருபத்தெட்டு வயதுக்கு மேல் மதிக்க முடியாது. ஆவூர்ப் பக்கத்து வேதக்காரக் குடும்பம். சாமியார்களின் மடத்துச் சமையற்கட்டில் வேலை பழகியவராம். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னதாக ஒரு சிலுவை. "இது அடுப்பூதுனா அடுப்போட பறந்துரும் போலருக்கே" என்று பக்கத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளிடம் சொன்னேன். மாஸ்டர் காதில் விழுந்துவிட்டது. திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "பறந்தா நீங்க புடிச்சுக்கங்கக்கா" என்றார்.

அன்று மத்தியானத்துக்குள் என் வாய் அடைத்துப்போனது. அவர் சமைக்கிறதைப் பார்க்க வேண்டுமே! சட்டியை மூடியபடியே தலையைச் சாய்த்துக் கேட்பார். "கொதி சத்தம் மாறிருச்சு, கறி வெந்துருச்சு" என்பார். திறந்து பார்த்தால் எலும்பிலிருந்து கறி கழன்று நிற்கும். நான் அரைத்துக் கொடுக்கிற மசாலை மூக்கருகே கொண்டுபோய், "மல்லி ஒரு நிமிசம் கூடுதலா வறுபட்ருச்சுக்கா" என்பார். எனக்குத் தூக்கிவாரிப்போடும், ஏனென்றால் அந்த ஒரு நிமிஷம் நான், என்னோடு ஓட்டலுக்கு வந்திருந்த சின்னவளின் சிலேட்டைத் தேடப் போயிருந்தது எனக்கு மட்டும்தானே தெரியும். உப்பு போடுகிறபோது கரண்டி கிடையாது, அளவு கிடையாது. கல்லுப்பைக் கையால் அள்ளுவார், உள்ளங்கையை மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பார், போட்டுவிட்டு ஆவியில் முகத்தைக் காட்டுவார். ஆத்தாடி, இது சமையலா மாய வித்தையா என்று நான் குழவியை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

முதல் வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் ஊரில் சந்தை. விடியும் முன்பே ஆடு ஆடாக இறங்கும். யாவாரிகளும், ஆடு வாங்க வந்தவர்களும், கருவாட்டுக்காரர்களும் சந்தை முடிந்து பசியோடு எங்கள் ஓட்டலுக்குத்தான் வருவார்கள். வாரத்தில் பெரிய சமையல் அன்றைக்குத்தான். மாஸ்டர் உப்பைப் போட்டார், ஆவியைப் பிடித்தார். பிறகு கரண்டியில் கொஞ்சம் குழம்போடு நேரே என் அம்மியிடம் வந்தார்.

"அக்கா, கையை நீட்டுங்க."

"எதுக்கு தம்பி?"

"உப்புப் பாத்துச் சொல்லுங்க."

"ஏன், ஒங்க நாக்கு ஊருக்குப் போயிருக்கா?"

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைல்லக்கா. சாமி சிலுவைல உசுரு விட்ட கிழமை, நாங்க கறி தொடக்கூடாது. குழம்பும் சேத்தி."

"அட, ஊருக்கெல்லாம் ஆக்கிப் போடலாம், ஒரு சொட்டு நாக்குல வைக்கக் கூடாதா?"

"ஆக்குறது வேலைக்கா. திங்கிறது நானு" என்றார்.

அடுப்படியில் உப்புப் பார்க்க வேறு யாரும் இல்லை. பாத்திரம் கழுவுகிறவளும் ஆவூர்ப் பக்கத்து வேதக்காரிதான். தண்ணீர் எடுக்கிறவர் முட்டைகூடத் தொடாதவர். பரிமாறுகிறவர்கள் முன்கட்டில் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். மிச்சம் நான் ஒருத்திதான். எங்கள் வீட்டிலும் வெள்ளி செவ்வாய் கவிச்சி கிடையாது. ஆனால் எங்கள் குலசாமி கிடாய் வாங்குகிற சாமி, அவர் கிழமையெல்லாம் பார்க்கிறவர் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு கையை நீட்டினேன். சூடாக ஒரு சொட்டு உள்ளங்கையில் விழுந்தது. நக்கினேன். உப்பும் உறைப்பும் ஒன்றை ஒன்று தாண்டாமல் நின்றன.

"சரியா இருக்கு தம்பி."

அவ்வளவுதான். இன்னொரு கேள்வி இல்லை. சட்டியை இறக்கிவிட்டார். நான் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். நூறு பேருக்கு மேல் சாப்பிடப்போகிற குழம்பு என் ஒரு வார்த்தையில் இறங்கிவிட்டது! கல்யாணத்தின்போது என் அப்பா என்னைக் கேட்கவில்லை. கப்பலேறும்போது என் வீட்டுக்காரர் என்னைக் கேட்கவில்லை. என்னிடம் ஒன்றைக் கேட்டு, நான் சொன்னதை வைத்து ஒருத்தர் காரியம் செய்தது என் ஆயுசில் அன்றைக்குத்தான். சந்தோஷத்தில் அன்று மிளகாயை அளவுக்கு மேல் அரைத்துத் தள்ளிவிட்டேன்.

அப்படியே வாராவாரம் நடந்தது. சில வெள்ளிக்கிழமை "ஒரு கல்லு போடலாம்" என்பேன். ஒரு கல் போடுவார். "அப்படியா? நல்லாப் பாருங்க" என்று ஒரு நாளும் சொன்னதில்லை. பரிமாறுகிறவர்கள் என்னை 'வெள்ளிக்கிழமை நாக்கு' என்று கேலி பேச ஆரம்பித்தார்கள். எனக்கு அது பட்டம் கட்டிய மாதிரி இருந்தது.

அடுத்த வருஷம் முதலாளிக்குப் பக்கவாதம் வந்தது. அவரைப் பொன்னமராவதிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மருமகன் வந்து கல்லாவில் உட்கார்ந்தார். அடுப்படியில் அவருக்கு 'மாப்பிள்ளை' என்றே பேர்.

மாப்பிள்ளைக்கு மனுஷர்களைக் கண்டால் ஆகாது. மாஸ்டரை வந்த அன்றே "டேய்" என்றார். முதலாளியே "வாங்க மாஸ்டர்" என்று கூப்பிட்டவரை! அடுப்பருகே இருந்த முக்காலியை எடுக்கச் சொன்னார். உட்கார்ந்தால் தூக்கம் வருமாம். எங்களுக்குத் தனிச்சட்டியில் தண்ணிக்குழம்பு என்றார். அதையும் நின்றபடியே தின்ன வேண்டும். இதெல்லாம்கூடப் போகட்டும். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது நானும் பாத்திரம் கழுவுகிறவளும் கல்லாவுக்கு முன்னால் நின்று மடியை உதறிக் காட்ட வேண்டும். மிளகோ பட்டையோ எடுத்துப் போகிறோமா என்று பார்ப்பாராம். சாப்பிடுகிறவர்கள் அத்தனை பேரும் பார்க்க, நான் முந்தானை முடிச்சை அவிழ்த்து உதறுவேன். வெற்றிலையும் சுண்ணாம்பு டப்பியும் விழும். குனிந்து பொறுக்கிக்கொண்டு போவேன். முதல் நாள் வீட்டுக்குப் போனதும் பெரியவளின் புத்தகங்களைப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டேன். வேறென்ன செய்ய?

ஒரு வெள்ளிக்கிழமை மாஸ்டர் என் கையில் குழம்பு ஊற்றுகிறதை மாப்பிள்ளை பார்த்துவிட்டார்.

"என்னடா கூத்து இது? ஆக்குறவன் தொடமாட்டான், அரைக்கிறவ நக்கிப் பாக்குறாளா?"

மாஸ்டர் காரணத்தைச் சொன்னார்.

"ஒங்க சாமியாரா ஒனக்குச் சம்பளம் குடுக்குறாரு? ஒரு நாளைக்கு இருக்கு ஒனக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எதிர்த்துப் பேசக்கூடிய நிலைமையில் மாஸ்டர் இல்லை. அப்போது அவர் சம்சாரம் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தது. குழந்தை பிறந்ததும் இரண்டு பேரையும் கூட்டிவர டவுனில் ஒரு அறை பேசி வைத்திருந்தார். அந்த மாசம் வேலை போய்விட்டால் அறையும் இல்லை, கூட்டிவர வழியும் இல்லை. தினமும் என்னிடம், "பொறந்த பிள்ளையக் குளிப்பாட்ட வெந்நி எந்தச் சூட்டுலக்கா இருக்கணும்?" என்று ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பார். கொதி சத்தத்தை வைத்துக் கறியின் பதம் சொல்கிற மனுஷர், வெந்நீருக்குப் பயந்தார். எனக்குச் சிரிப்பும் வரும், பாசமும் வரும்.

அதற்குப் பிறகுதான் அந்த வெள்ளிக்கிழமை. தப்பு என்னுடையது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கட்டுமாவடியிலிருந்து கருவாடு கொண்டுவந்து சந்தையில் விற்கிற ஒரு பெண் எனக்குச் சிநேகிதம். அன்று காலையில் ஒரு இலைத் துண்டில் சுண்ணாம்பு பொதிந்து கொடுத்தது. "எங்க ஊரு கிளிஞ்சச் சுண்ணாம்புக்கா, நேத்துத்தான் நீத்துனது. வெத்தலை அப்படிச் செவக்கும்!" என்றது. நான் டப்பியில் வழித்துப் போட்டுக்கொண்டேன். புதுசுக்குக் காரம் அதிகம் என்று யோசிக்காமல், பழைய சுண்ணாம்பைத் தடவுகிற கணக்கில் இதையும் தடவி வாயில் போட்டேன். போட்ட மாத்திரத்தில் நாக்கு வெந்துபோயிற்று. துப்பிவிட்டுத் தண்ணீரைக் கொப்பளித்துக் கொப்பளித்துப் பார்த்தேன். நாக்கு கட்டை மாதிரி கிடந்தது.

மாஸ்டர் கரண்டியோடு வந்தபோது, நாக்கு வெந்துவிட்டது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏன் என்றால், வெட்கம். வாரம் ஒரு நாள் உத்தியோகம், அதையும் வெற்றிலை போட்டுக் கெடுத்துக்கொண்டாள் என்று சிரிப்பார்களே. கையை நீட்டினேன், நக்கினேன். சூடு தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியவில்லை என்றால் உப்பு இல்லை என்றுதானே அர்த்தம் என்று என் மூளை வேலை செய்தது.

"பத்தல தம்பி."

மாஸ்டர் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். உப்புப் பானைக்குப் போய் ஒரு கை அள்ளிப் போட்டார். கிண்டிவிட்டு மறுபடி வந்தார்.

"இப்ப?"

"இன்னும் பத்தல."

இன்னொரு கை விழுந்தது. சட்டி இறங்கியது.

முதல் இலையில் உட்கார்ந்தவர் பொன்னமராவதிப் பக்கத்து ஆட்டு யாவாரி. குழம்பை ஊற்றிப் பிசைந்து ஒரு கவளம் வைத்ததும் அவர் போட்ட சத்தம் அடுப்படிவரை கேட்டது. "யோவ், கட்டுமாவடிக் கடலைக் கொண்டாந்து ஊத்திட்டீங்களாய்யா?" முன்கட்டே சிரித்தது.

மாப்பிள்ளை வருவதற்குள் மாஸ்டர் வேலையை ஆரம்பித்துவிட்டார். பரிமாறுகிறவர்களை அழைத்து, "கா மணி நேரம் பொரியலும் ரசமும் போட்டு ஓட்டுங்க" என்றார். எனக்கு, "தேங்காயும் பொட்டுக்கடலையும் வெண்ணெயா அரைங்கக்கா" என்றார். சாயங்காலச் சாறுக்கென்று எலும்பை மட்டும் உப்பில்லாமல் வேகவைத்த தண்ணீர் ஒரு பானை இருந்தது. குழம்பில் பாதியை வேறு சட்டிக்கு மாற்றி, இரண்டிலும் அந்தத் தண்ணீரை விட்டார். உருளைக்கிழங்கைத் தோல் சீவி இரண்டாகப் பிளந்து போட்டார். என் அரைப்பைக் கரைத்து ஊற்றினார். கை அவ்வளவு வேகமாகப் போனது, ஆனால் முகத்தில் அவசரமே இல்லை. இரண்டு அடுப்புக்கும் நடுவில் நின்று ஒரு தடவை இந்த ஆவி, ஒரு தடவை அந்த ஆவி. நான் அரைக்கிறதை மறந்து பார்த்தேன். அவ்வளவு பயத்திலும் என் கண்ணை அவரிடமிருந்து எடுக்க முடியவில்லை. ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் தீர்ந்துபோகிற காரியத்தை, அந்த ஒரு சொட்டு இல்லாமலே இழுத்துக்கொண்டுவருகிறாரே மனுஷர்!

அப்போதுதான் மாப்பிள்ளை உள்ளே வந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மாஸ்டர் அவரைப் பார்க்கவில்லை. கரண்டியில் குழம்பை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"சொல்லுங்கக்கா."

உப்பைக் கொட்டிக் கெடுத்தவளிடம், இத்தனை கூத்துக்கும் பிறகு, மறுபடியும் கேட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"எனக்குத் தெரியல தம்பி. காலைல சுண்ணாம்புல நாக்கு வெந்துபோச்சு. மொதல்லயும் தெரியாமத்தான் சொன்னேன். எந் தப்பு."

"அப்பச் சரிக்கா" என்றார். சிரித்தார்கூட. திரும்பி இரண்டு ஆவியையும் இன்னொரு தடவை பிடித்தார். பெரிய சட்டியை இறக்கினார், சின்னதை ஒரு கொதி விட்டு இறக்கினார். "கொண்டுபோங்க" என்றார். குழம்பு முன்கட்டுக்குப் போனது. ஆட்டு யாவாரி, "இதை மொதல்லயே ஊத்துறதுக்கு என்னப்பா?" என்று கேட்டு மறுசோறு வாங்கினார். ஒரு இலைகூடச் சோற்றோடு மூடப்படவில்லை.

காரியம் அதோடு முடிந்திருக்க வேண்டும். மாப்பிள்ளை ஒரு கிண்ணத்தில் குழம்பை வாங்கித் தானே குடித்துப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. கிண்ணத்தை மாஸ்டர் முன்னால் நீட்டினார்.

"குடிடா."

"இன்னைக்கு வேணாங்க."

"பொம்பள நாக்கை நம்பியா நான் ஓட்டல் நடத்துறது? இனிமே வாராவாரம் எங் கண்ணு முன்னாடி நீ குடிச்சுப் பாக்கணும். அப்பறந்தான் எலை. இப்ப குடி."

நான் எழுந்துவிட்டேன். "தப்புப் பண்ணுனது நாந்தாங்க. என்னக் கேளுங்க!"

"ஒன்ன யாரு கேட்டா? அரைக்கிற வேலையப் பாரு."

மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "வேற எது சொன்னாலும் கேக்குறேங்க. இது மட்டும் வேணாம்" என்றார். மாப்பிள்ளை ஒரு கையால் அவர் பிடரியைப் பிடித்து, இன்னொரு கையால் கிண்ணத்தை உதட்டில் வைத்துச் சாய்த்துவிட்டார்.

குழம்பு சூடு. உதட்டில் பட்டு, மோவாயில் வழிந்து, கழுத்துச் சிலுவைமேல் இறங்கி, பனியனெல்லாம் மஞ்சளாக ஓடியது. மாஸ்டரின் வாய் திறக்கவில்லை. கண் திறந்தே இருந்தது. பயமும் இல்லை, கோபமும் இல்லை, எதிரே நிற்கிற ஆளையே பார்த்துக்கொண்டு நின்றார். ஊரில் இருக்கிற சம்சாரத்தை நினைத்தாரோ, பேசி வைத்த அறையை நினைத்தாரோ, எனக்குத் தெரியாது. ஒரு மடக்கு விழுங்கினால் எல்லாம் மிஞ்சும். கிண்ணம் காலியாகும்வரை விழுங்கவில்லை. நான் கோயில் கர்ப்பக்கிரகத்தில் கற்பூரம் காட்டும்போது நிற்கிற மாதிரி, என்னை அறியாமல் கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன். கூப்பியது பிறகுதான் எனக்கே தெரிந்தது.

மாஸ்டர் தோள் துண்டால் உதட்டை வெளிப்பக்கமாகத் துடைத்தார். நாக்கு வெளியே வரவில்லை. பிறகு சொன்னார்:

"எலை போட்டாச்சுங்க. சாப்பிட வந்தவங்க சாப்பிட்டு முடிக்கட்டும். அப்பறம் நான் போறேன்."

அப்படியே செய்தார். சந்தை ஜனம் ஓய மூன்று மணி ஆனது. அதுவரை சோறு வடித்தார், மீன் பொரித்தார், கேட்டவர்களுக்குக் கேட்டதைக் கொடுத்தார். பனியனில் குழம்புக் கறை காய்ந்து மொடமொடத்தது. ஒரு பாத்திரத்தைக்கூட அவர் 'ணங்'கென்று வைக்கவில்லை. நானாக இருந்தால் அந்தச் சட்டியைத் தூக்கி மாப்பிள்ளை தலையில் கவிழ்த்திருப்பேன், சத்தியமாக. இவர் கடைசி இலை எடுத்ததும் அடுப்பில் சாம்பலைப் போட்டு மூடினார், கரண்டிகளைக் கழுவித் துடைத்து வரிசையாக மாட்டினார், சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். கல்லாவுக்கு வந்து, "போறேங்க" என்றார். எங்கள் பக்கத்தில் வாசல் தாண்டும்போது யாரும் 'போறேன்' என்று சொல்லமாட்டோம், 'வாரேன்' என்றுதான் சொல்வோம்.

மாப்பிள்ளை நிமிரவில்லை. "நாளைக்கே நூறு பேரு வருவான்" என்றார்.

அதுவரை நான் அம்மிக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். பெரியவள் முகம் கண் முன்னால் வந்தது. பிறகு அந்தக் கிண்ணம் வந்தது. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: நான் ஒன்றும் தைரியசாலி இல்லை. ஆனாலும் குழவியைக் கழுவி நிமிர்த்தி வைத்துவிட்டு, முன்கட்டுக்கு நடந்தேன். யாரும் சொல்லாமலே கல்லாவுக்கு முன்னால் நின்று முந்தானை முடிச்சை அவிழ்த்து அவர் மேஜைமேலேயே உதறினேன். வெற்றிலை விழுந்தது, சுண்ணாம்பு டப்பி உருண்டது.

"என்ன இது?" என்றார்.

"இவ்வளவு நாளும் தேடுனீங்கல்ல, இதாங்க களவு. வச்சுக்கங்க. நானும் போறேன்."

"எங்க உப்பைத் தின்னுட்டு இந்த வாயா ஒனக்கு?"

"உப்பு ஒங்களோடது. வாய் எங்களோடது" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். பரிமாறுகிறவர்களில் ஒருத்தன் வாளியைக் கீழே வைத்துவிட்டு எனக்கு வழிவிட்டான்.

மாஸ்டரைப் பஸ் ஸ்டாண்டில் பிடித்தேன். ஆவூர்ப் பக்கம் போகிற பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். சட்டைக்குள்ளிருந்து குழம்பு வாசனை வந்தது. என்னைப் பார்த்ததும், "நீங்க ஏன்க்கா? பிள்ளைங்க படிக்குதுல்ல?" என்றார். தன் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு மறுபடியும் அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"தம்பி, ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லுங்க. மல்லி ஒரு நிமிசம் கூட வறுபட்டா ஒங்க மூக்குக்குத் தெரியும். காலைல நான் பத்தலன்னு சொல்றப்ப, உப்பு சரியா இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

அவர் பஸ் வருகிற திசையைப் பார்த்தார்.

"தெரியும்க்கா."

"தெரியுமா! பின்ன எதுக்குய்யா ரெண்டு கை அள்ளிப் போட்டீங்க?"

"ஒங்களக் கேட்டுட்டேனேக்கா" என்றார்.

பஸ் வந்தது. ஏறிக்கொண்டார். ஜன்னலிலிருந்து கையை ஆட்டி, "வாரேன்க்கா" என்றார்.

பிழைப்பு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். கஷ்டம்தான். பெரியவளின் பள்ளிக்கூடம் இரண்டு மாசம் தடைப்பட்டது. அந்த இரண்டு மாசம் நான் தூங்கவில்லை. பிறகு வீட்டிலேயே மசால் அரைத்து, உருண்டை பிடித்து, வாழைச் சருகில் பொதிந்து, அதே வெள்ளிக்கிழமைச் சந்தையில் கூடையோடு உட்கார்ந்தேன். கட்டுமாவடிச் சிநேகிதி தன் கருவாட்டுக் கடையில் பாதி இடம் விட்டது. "எஞ் சுண்ணாம்பாலதானே வந்துச்சு" என்று அதுக்கு ஒரே வருத்தம். ஓட்டலுக்கு நூறு மாஸ்டர் வந்தார்களா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

பெரியவள் டீச்சர் வேலைக்குப் போனபோது அறுபதுகளின் பின்பாதி ஆகிவிட்டது. அவளுக்கு முதல் வேலை ஆவூர்ப் பக்கத்து ஒரு பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. சேர்த்துவிட நானும் கூடப் போனேன். அன்று வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ரோட்டோரம் கீற்றுக் கொட்டகையில் ஒரு சாப்பாட்டுக் கடை, நாலு பெஞ்சு. கறிக்குழம்பு வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கால் நின்றுவிட்டது. அந்த வாசனை எனக்குத் தெரியும்.

அதே ஈர்க்குச்சி. தலையில் மட்டும் கொஞ்சம் நரை. பத்து வயசு மதிக்கத்தக்க ஒரு பெண் பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் "அக்கா!" என்று கத்தியதில் அந்தப் பிள்ளை பென்சிலைப் போட்டுவிட்டது. உட்காருங்க, தண்ணி குடிங்க, பிள்ளைங்க எப்படி, எதையும் அவர் சொல்லவில்லை, கேட்கவில்லை. நேரே அடுப்புக்குப் போனார். கரண்டியோடு வந்தார்.

"கையை நீட்டுங்க."

"தம்பி, இப்பல்லாம் வெள்ளிக்கிழமை கறி திங்கலாம்னு ஒங்க சாமியாருங்க சொல்லிட்டாங்களாமே?"

"ஆமாக்கா. தவக்காலத்துல மட்டுந்தான் இப்பக் கூடாது."

"அப்ப நீங்களே பாத்துக்கலாம்ல?"

"பாத்துக்கலாம்" என்றார். கரண்டி நீட்டியபடியே இருந்தது.

கையை நீட்டினேன். சூடாக ஒரு சொட்டு விழுந்தது. நக்கினேன். உப்பும் உறைப்பும் ஒன்றை ஒன்று தாண்டாமல், அப்படியே, அதே இடத்தில் நின்றன. எனக்கு ஒரு குறும்பு தோன்றியது. கண்ணை மூடி யோசிக்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு சொன்னேன்:

"ரெண்டு கை பத்தல தம்பி."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆவியில் மூக்கைக் காட்டவில்லை. உப்புப் பானைக்குள் கையை விட்டு, கை நிறைய அள்ளி, கொதிக்கிற சட்டிக்கு மேல் கொண்டுபோய்விட்டார். அய்யோ என்று கத்திக்கொண்டு நான் ஓடிப்போய் அந்த மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். உப்பு எங்கள் இரண்டு பேர் காலிலும் கொட்டியது.